மன்னிப்பு அம்மாவுக்கு, பதில் ஐயாவுக்கு

எனக்கு எழுபத்து நாலு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. தாயில்லாமல் நின்ற என் நாத்தனார் பிள்ளைகள் மூன்றையும் என் பிள்ளைகளோடு சேர்த்தே கரையேற்றினேன். ஏழும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாத விஷயம் ஒன்றும் இதில் இல்லை.

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன். பெரிய எழுத்து வேதாகமம் என்றால் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு வசனத்தை முடிப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரி வேலை எனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, மற்ற ஆயாக்களுக்கெல்லாம் தலைவியாக நின்று, தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தேன். நான் துடைத்து முடித்த தரையில் டாக்டர்களே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாகப் போயிருக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்கு, நர்ஸோ ஆயாவோ யாராக இருந்தாலும், ஒன்று சொல்ல உட்கார்ந்தேன். படுக்கை விரிப்பதும் காயம் கழுவுவதும் பெட்பேன் வைப்பதும் தானாகக் கை பழகிவிடும். அதைச் சொல்ல நான் வேண்டாம். நான் சொல்ல வந்தது இது: உங்கள் கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும் கட்டிலில் படுத்திருப்பவர் ஏதாவது கேட்பார். அதற்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் ஐயர் பார்த்துப்பாரு ஆயாம்மா, நமக்கு எதுக்கு?" என்று போன மாதம் ஒரு பெண் என்னிடம் சொல்லிற்று. நம் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஐயர் நல்லவர். ஆஸ்பத்திரிக்கும் வருவார், ஜெபம் பண்ணுவார், போவார். ஆனால் கேள்வி அவர் வருகிற நேரம் பார்த்து வருவதில்லை. நீங்கள் ஒற்றை ஆளாகத் தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கும்போது வரும். அப்போது ஐயருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு உறையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா?

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். நர்ஸுகளுக்கெல்லாம் மேலே அவர்தான். அவரும் நம்மவர். வேலைக்குச் சேருகிற கிறிஸ்தவப் பிள்ளைகளை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு சட்டம் சொல்வார். "கேக்காதவங்ககிட்ட பிரசங்கம் பண்ணாதீங்க. எழுந்து போக முடியாம படுத்திருக்கறவங்க காதுல எதையும் ஊத்தாதீங்க. ஆனா, கேட்டுட்டாங்கன்னா ஓடாதீங்க." சட்டத்தின் முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில்தான் எஸ்தர் மாட்டிக்கொண்டாள்.

எஸ்தர் பொழிச்சலூரிலிருந்து வந்த பெண். நர்ஸ் படிப்பை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா விபத்தில் இடுப்பொடிந்து வீட்டில் கிடந்தார். இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கெட்டிக்காரி, கை சுத்தம், நோயாளிக்கு வலிக்காமல் ஊசி போடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

ஆண்கள் பக்கம் இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு கட்டிலில் பல்லாவரத்தில் பைப் கடை வைத்திருந்த பாய், உடைந்த காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். இன்னொன்றில் ரிட்டையர் ஆன ரயில்வே கார்டு ஒருவர். பித்தப்பையில் கல், ஆபரேஷனுக்குச் சேர்ந்திருந்தார். சாமி இல்லை என்கிற கட்சி. கறுப்புச் சட்டையை ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னதற்கே சண்டை போட்டவர். ஜன்னல் வழியாக மின்சார ரயில் சத்தம் கேட்டால் போதும், "செங்கல்பட்டு லோக்கல். லேட்டு" என்று படுத்தபடியே சொல்வார்.

கார்டு ஐயாவுக்குப் பொழுது போகாது. யார் கிடைத்தாலும் அவர்கள் சாமியைப் பிடித்து இழுப்பார். முதலில் மாட்டியது பாய்.

"ஏன் பாய், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கூப்பிடறீங்களே, உங்க ஆண்டவருக்கு ஒரே தடவையில காது கேக்காதா?"

பாய்க்குக் கோபமே வரவில்லை. "கார்டு சார், காலையில இட்லி சாப்பிட்டீங்க. பதினோரு மணிக்குக் கஞ்சி. மத்தியானம் சோறு. இப்போ பிஸ்கட்டு. வயித்துக்கு இத்தனை வேளை போடறீங்க, மனசுக்கு அஞ்சு வேளைன்னா கணக்கு பார்க்கறீங்களே!"

"அட, பதில் வெச்சிருக்கீரே!"

"சின்னப் பையனா இருக்கும்போது ஓதுற இடத்துல இதையே நான் கேட்டேன் சார். ஹஜ்ரத் காதைத் திருகினாரு. திருகிட்டுப் பதிலும் சொன்னாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டது. பாய் பைப் விற்கிறவர்தான், ஓதிக் கொடுக்கிறவர் இல்லை. ஆனாலும் தன் மார்க்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்து வைத்திருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கார்டு ஐயாவுக்கு ஆபரேஷன். முதல் நாள் மத்தியானம் எஸ்தர் பி.பி. பார்க்கப் போனாள். நான் ஜன்னல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் மனைவி சரோஜா அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்க வேதத்துல முதல் நாள் சாயங்காலமும் ஆச்சு, விடியற்காலமும் ஆச்சுன்னு போட்டிருக்கா?"

"ஆமா ஐயா."

"சூரியனை எந்த நாள் செஞ்சாரு?"

எஸ்தர் யோசித்தாள். "நாலாம் நாள்."

"சூரியனே நாலாம் நாள்தான் வந்துச்சு. அப்போ முதல் நாள் எப்படிம்மா பொழுது விடிஞ்சுது? நான் முப்பது வருஷம் டைம் பார்த்து வண்டி விட்டவன். எனக்கு டைம் டேபிள் சரியா இருக்கணும்."

பாய் லேசாகச் சிரித்தார். எஸ்தருக்கு முகம் சிவந்தது. "அது... கடவுளுக்கு எல்லாம் முடியும்."

"இது பதில் இல்லையேம்மா. ஆபீசர் கேள்வி கேட்டா 'மேல இருக்கறவருக்குத் தெரியும்'னு சொல்ற கிளார்க்கு மாதிரி இருக்கு. பக்கத்துல பாரு, பாய் எப்படிப் பதில் சொன்னாரு. உனக்குத் தெரியாதா, இல்ல உங்க புஸ்தகத்துலயே இல்லையா?"

வேறொருவர் பதில் சொல்லி ஜெயித்த இடத்தில் தான் வாயடைத்து நிற்பது இளம்பிள்ளைக்கு எப்படி இருக்கும்! எஸ்தர் பி.பி. பட்டையை உருவி எடுத்தாள். "இப்படியே கேலி பண்ணிட்டு இருங்க ஐயா. நரகத்துக்குத்தான் போவீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்கு ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டார். ஆனால் சரோஜா அம்மா கையிலிருந்த மீதிப் பழம் கீழே விழுந்தது.

"நாளைக்குக் கத்தி வைக்கப் போற மனுஷனைப் பார்த்து 'போவீங்க'ன்னு சொல்லிட்டாளே! இப்படியா ஒரு பொண்ணு அச்சானியமா பேசும்? எங்க உங்க மேனேஜர்? கூப்பிடுங்க!"

ஐயா சமாதானம் சொன்னார். "ஏய், இல்லாத ஸ்டேஷனுக்கு டிக்கெட் குடுத்தா வண்டி எப்படிப் போவும்? விடு."

"நீங்க வாயை மூடுங்க. உங்களால வந்த வினைதான் எல்லாம்!"

மேனேஜர் வந்தார். அந்தம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் இங்கே இருந்தால் ஆபரேஷன் வேண்டாம், இப்போதே டிஸ்சார்ஜ் கொடுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மேனேஜர் எஸ்தரை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்: "உன் ஷிப்ட் முடியறதுக்குள்ள அந்தம்மா சரின்னு சொல்லணும். இல்லைன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்."

பெரிய சிஸ்டர் அப்போது தியேட்டருக்குள் ஆபரேஷனில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட முடியாது. எஸ்தர் கீழே ஓடி ஒரு ரூபாய் போன் பெட்டியில் ஐயருக்குப் போன் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். ஐயர் பெருங்களத்தூரில் ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்துவிட்டுப் பந்தியில் இருந்தார். பின்னால் பேண்டு வாத்தியம். சூரியன், நாலாம் நாள் என்று இவள் கத்தினாள். அவர் பாவம், காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறார். "நல்ல கேள்விம்மா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வா, நிதானமா சொல்றேன்" என்றார். அதற்குள் காசும் தீர்ந்தது.

ஆபரேஷன் நாளைக்கு. வேலை போவது சாயங்காலம். பதில் ஞாயிற்றுக்கிழமை.

துணி அடுக்கும் அறைக்குள் போய் எஸ்தர் அழுதாள். செய்தி கேட்டு இரண்டு நர்ஸுகள் ஆளுக்கு ஒரு யோசனையோடு வந்தார்கள். ஒருத்தி, ஐயா காலில் விழுந்துவிடு என்றாள். இன்னொருத்தி, நான் அப்படிச் சொல்லவே இல்லை, அம்மாவுக்குத்தான் தப்பாகக் கேட்டது என்று சாதித்துவிடு என்றாள். இரண்டு பேரையும் வேலையைப் பார்க்க அனுப்பினேன்.

"நான் சொன்னது பொய்யா ஆயாம்மா? நரகம்னு வேதத்துல இருக்குல்ல?" என்று எஸ்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். அழும்போதும் அவளுக்கு ரோஷம் குறையவில்லை. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

"இருக்குதும்மா. யாரு இல்லன்னா? ஆனா இன்னார் அங்க போவாருன்னு தீர்ப்பு சொல்ற நாற்காலி அவரோடது. அதுல நீ ஏன் போய் குந்திகினே? நீ இன்னா, நரகத்தை நெனச்சா அதைச் சொன்னே? பதில் தெரியல, அதனால சொன்னே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ணைத் தொடச்சிக்கோ. இப்போ ரெண்டு பேருக்கு ரெண்டு பாக்கி கீது. அந்தம்மாவுக்கு நீ மன்னிப்பு தரணும். அந்த ஐயாவுக்குப் பதில் தரணும். மாத்திக் குடுத்தின்னா ரெண்டுமே செல்லாது. ஐயா கால்ல விழுந்தா அவரு உன்னை இன்னும் கேலி பண்ணுவாரு. அம்மாகிட்ட வேதம் பேசினா அவங்க இன்னும் பயந்துக்குவாங்க. வா, போலாம்."

"பதில்தான் தெரியாதே ஆயாம்மா?"

"தெரியலன்னு சொல்லு. அதுவும் ஒரு பதில்தான். நீ அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இங்க நின்னுகினு இருக்க மாட்டேன், தரை காய்ஞ்சிருக்கும்."

அறைக்குள் போனோம். மேனேஜரும் வாசலில் வந்து நின்றார். எஸ்தர் நேராக சரோஜா அம்மா முன்னால் போனாள்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. ஐயா எங்க போவாருன்னு சொல்ல நான் யாரு? அவரு கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, கோவத்துல என்னவோ சொல்லிட்டேன். நாளைக்கு ஆபரேஷன் வெச்சுக்கிட்டு உங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

சரோஜா அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. முகம் இளகிற்று. ஆனால் பயம் போகவில்லை. ஐயாவின் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். விபூதி.

"சொன்ன வாயாலேயே நல்லா இருப்பாருன்னு சொல்லிட்டு, இதை உன் கையாலேயே அவர் நெத்தியில வெச்சு விடும்மா. சொன்னவங்களே வெச்சாதான் சொன்ன தோஷம் போகும். எனக்கும் மனசு ஆறும்."

படுத்திருந்த ஐயா தலையைத் தூக்கினார். "ஏய், இது எப்போலேருந்து என் தலைக்கு அடியில இருக்கு?"

"நீங்க அட்மிட் ஆன அன்னையிலேருந்து."

"அதான் மூக்குல ஏதோ நமநமன்னு இருந்துச்சா! இங்க பாரு, எவளாவது என் நெத்தியில அதை வெச்சீங்கன்னா ஆபரேஷனே வேணாம், இப்படியே எழுந்து நடந்து வூட்டுக்குப் போயிடுவேன்."

"யா அல்லா, சிரிக்க வைக்காதீங்க சார், கால் ஆடுது" என்று பாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளே, இந்த இடம் உங்களுக்கும் வரும். நீட்டிய கையில் விபூதி, வாசலில் மேனேஜர், வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. தன் விசுவாசம் என்னவென்று தெரியாதவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பயந்துபோய் வாங்கி வைத்துவிட்டு, ராத்திரியெல்லாம் மனம் குத்தக் கிடப்பார்கள். இல்லை, சீ என்று கையைத் தட்டிவிட்டு, இன்னொரு வீட்டாரை நம் சபைக்கே எதிரியாக்குவார்கள். அவளுக்கு நான் எதையும் காதில் ஓதவில்லை. ஓதவும் தெரியாது.

எஸ்தர் அந்தப் பொட்டலத்தை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பொட்டலம் பிடித்திருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் வைக்க மாட்டேன். நம்பாத கையால வெச்சா அது உங்க முன்னாடி நடிக்கிற மாதிரி. வேலை போயிடுமேன்னு சாமி விஷயத்துலயே நான் நடிச்சா, நாளைக்கு இவருக்குக் குடுக்கற மருந்து விஷயத்துல என்னை எப்படி நம்புவீங்க? நம்மளைத் திட்டறவங்களுக்குக் கூட நல்லது கேக்கணும்னு எங்க இயேசப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. நான்தான் அதை மறந்துட்டு, சும்மா கேள்வி கேட்ட மனுஷனைத் திட்டிட்டேன். எனக்கு உண்மையா செய்யத் தெரிஞ்சது ஜெபம் மட்டும்தான். நீங்களும் ஐயாவும் சரின்னா, அதை இங்கயே செய்றேன். வேணாம்னா நான் போயிடறேன்."

மேலே ஒரு விமானம் மீனம்பாக்கம் பக்கம் இறங்கிப் போயிற்று.

"இதுக்குப் பேருதான் பதில்" என்றார் கார்டு ஐயா.

சரோஜா அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. எஸ்தரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் நெத்தியில என்னாலேயே வைக்க முடியல. நீ எங்கேருந்து வைப்பே?" என்று சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். பொட்டலத்தைப் பிரித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். "நீ உன் சாமிகிட்ட கேளு. நான் என் சாமிகிட்ட கேக்கறேன்."

"நான் எங்க ஆண்டவன்கிட்ட துஆ கேக்கறேன்" என்றார் பாய்.

"போச்சுடா. மூணு பேரும் சேர்ந்து எனக்கு சிக்னல் போடறீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. சத்தம் போடாம பண்ணணும், அவ்வளவுதான்."

எஸ்தர் சின்னதாக ஜெபம் பண்ணினாள். ஐயா கண்ணை மூடவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னதும், "என் கேள்வி அப்படியேதான் நிக்குது. நாளைக்கு மயக்கம் தெளிஞ்சதும் முதல் வேலை அதுதான்" என்றார்.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். சரோஜா அம்மா கெட்டிக்காரி. "இன்னைக்கு இருக்கட்டும். நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சு இவர் கண் முழிச்சதும் என் முடிவைச் சொல்றேன்" என்றார். கயிறு அறவில்லை, ஆனால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பெரிய சிஸ்டர் தியேட்டரிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். திட்டவும் இல்லை, பதிலும் சொல்லவில்லை. "அந்த அதிகாரத்தை எடுத்து வாசி, நான் காலை நீட்டி உக்கார்றேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எஸ்தர் வேதத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தாள். நாலாம் நாள் வந்ததும், "மெதுவா. அங்க சூரியன்னு பேர் இருக்கா, பாரு" என்றார். எஸ்தர் திரும்பவும் தேடினாள். அந்த இடத்தில் அந்தப் பேரே இல்லை! பெரிய சுடர், சிறிய சுடர் என்றுதான் இருந்தது.

"ஏன் பேர் சொல்லல?" என்றார் பெரிய சிஸ்டர். "அந்தக் காலத்துல சுத்துப்பட்டு நாட்டுல எல்லாம் சூரியனைக் கும்பிட்டாங்க. எகிப்துல அடிமையா இருந்த ஜனங்க அதைத் தினமும் பார்த்தவங்க. அவங்களுக்கு இதைச் சொல்லணும். இப்போ நீ யோசி." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எஸ்தர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஆபரேஷன் நினைத்ததைவிட நீண்டுகொண்டே போயிற்று. சரோஜா அம்மா தியேட்டர் வாசல் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். எஸ்தர் அந்தப் பக்கம் போகவே தயங்கினாள். நேரம் ஆக ஆக அவளுக்கு முகமே செத்துவிட்டது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அந்தம்மாவே, "ஏம்மா, அங்க என்ன நின்னுக்கிட்டு? இங்க வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். எஸ்தர் உட்கார்ந்தாள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வெளியே வந்து, கல் கொஞ்சம் அடம்பிடித்தது, இப்போது ஒன்றும் பயமில்லை என்றார். மத்தியானத்துக்கு மேல் ஐயா கண்ணைத் திறந்தார். பக்கத்தில் மனைவி, கால்மாட்டில் எஸ்தர். நாக்கு குழறிக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்: "என்னம்மா... சூரியன்... வந்தாச்சா?"

"பாருங்க இந்த மனுஷனை! கட்டின பொண்டாட்டி நிக்கிறேன், சூரியனைக் கேக்கறாரு!" சரோஜா அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தபோது அவரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும் சார். இவருக்கு ஊசியும் இவளே போடட்டும். நடிக்கத் தெரியாத பொண்ணு."

இங்கே ஒன்று கவனியுங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததால்தான் எஸ்தர் சொன்னது சரி என்று ஆகிவிடாது. முடியாமல் போயிருந்தாலும், வேலையே போயிருந்தாலும், முதல் நாள் அவள் சொன்னதுதான் சரியான பதில். நம் விசுவாசத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பந்தயம் கட்டாதீர்கள்.

ஐயாவால் எழுந்து உட்கார முடிந்ததும் எஸ்தர் பதில் சொன்னாள். அந்த அதிகாரம் டைம் டேபிள் சொல்ல எழுதினது இல்லை, யார் எஜமான் என்று சொல்ல எழுதினது. ஊரே சூரியனைக் கும்பிட்ட காலத்தில், அது சாமி இல்லை, மாட்டி வைத்த விளக்கு என்று சொல்ல எழுதினது. அதனால்தான் பேர்கூடச் சொல்லாமல், நாலாம் நாள் வரைக்கும் அதைக் காக்க வைத்திருக்கிறது என்றாள்.

ஐயா தாடையைத் தடவினார். "சூரியனையே வேலைக்காரன்னு சொல்லிட்டாங்களா! நான் காலங்காலமா ஓட்டுப் போடற சின்னத்துலயே கை வெச்சிட்டியேம்மா." பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா விடவில்லை. "சரி, விளக்குன்னே வெச்சுக்குவோம். விளக்கு வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"அவர்கிட்டேருந்து வந்துச்சுன்னு நாங்க நம்பறோம் ஐயா. அதை உங்களுக்கு நிரூபிச்சுக் காட்ட என்னால முடியாது."

"முடியாதுன்னு நேராச் சொன்னே பாரு. முப்பத்தஞ்சு மார்க். பாஸ்."

அவர் சபைக்கு வரவில்லை. கறுப்புச் சட்டையையும் விடவில்லை. தையல் பிரிக்க வந்தபோது புதிதாக மூன்று கேள்விகளோடு வந்தார். எஸ்தருக்கு ஒன்றுதான் தெரிந்தது. மற்ற இரண்டுக்கும், "தெரியல ஐயா, கேட்டு வெக்கிறேன்" என்றாள், முகம் சிவக்காமல். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஐயரைப் பிடித்து உட்கார வைத்தாள். ஐயரும் சந்தோஷமாக உட்கார்ந்தார். அப்புறம் மாதர் கூட்டத்தில் பாட்டும் காபியும் முடிந்த பிறகு கேள்விக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினார்கள். பூக்காரி, டெய்லர், ஸ்கூல் டீச்சர், நான், எல்லாரும் கேட்டோம். இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் எனக்குக் காலில் தட்டுப்பட்டது. பதில் தேடினதால் என் விசுவாசம் ஒரு இம்மி குறையவில்லை. வீட்டுக்குள்ளேயே இதுவரை திறக்காத அறைகள் இருக்கிறதைப் பார்த்தவள் மாதிரி இருந்தேன்.

அதனால்தான் பிள்ளைகளே, சொல்கிறேன். பதில் தெரியாதவனுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. கற்றுக்கொள்வது யாரையும் வாயடைக்க இல்லை. கேட்கிறவர் எதிரி இல்லை, நோயாளி. சில நேரம் பொழுது போகாமல் கேட்பார், சில நேரம் ஆபரேஷனை நினைத்து உள்ளே நடுங்கிக்கொண்டு கேட்பார். இரண்டுக்கும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நம் கையில் சரக்கு இருக்க வேண்டும்.

போதும். நான் சொல்லச் சொல்ல இவ்வளவு நேரம் எழுதினது என் மூத்த மகனின் பெண் கிரேஸ்.

"கிரேஸு, கை வலிக்குதா? பேனாவை வெச்சிட்டு, எழுதினதைப் படிச்சுக் காட்டு."

"முதல்லேருந்தா ஆயா?"

"எஸ்தர் பேசினதெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன். கார்டு ஐயா பேசின இடத்தை முதல்ல படி. அவரு கேள்வியை நான் எங்கயாவது மட்டமா சொல்லியிருந்தா எஸ்தர் பதில் தானாப் பெருசாத் தெரியும். அது கள்ளத்தராசு. அவரு இப்போ இல்ல, இருந்தா இதை வாங்கிப் படிச்சிட்டு முதல்ல அதைத்தான் பார்ப்பாரு. அவரு கேட்ட காரம் கொஞ்சமும் குறையாம இருக்குதான்னு நான் கேக்கணும். படிம்மா, சத்தமா."